பார்க்கலாம் ஆபீஸின் பெட்டிகள்

ஹெல்விக்,
அக்டோபர் 12, 1987

மதிப்பிற்குரிய செனட்டர் லோயிஸ் ஆம்டால் அம்மையாருக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அடுத்த பக்கத்துக்குள் தைரியம் போய்விடும். உங்கள் பெட்டிகளை நான் எரிக்கவில்லை.

என் பெயர் ஜோலீன் ப்ராட்டன். எட்டாம் வகுப்பு படிக்கிறேன். ஊரில் குப்பை அள்ளும் ஆர்டெல் ப்ராட்டனின் மகள். கோடை விடுமுறையில் வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவோடு லாரியில் உங்கள் ஆபீஸுக்கு வருவேன். பழைய ஷூ கடையில்தானே ஆபீஸ் போட்டிருந்தீர்கள்? கால் அளக்கும் இரும்புத் தட்டு அங்கேயே கிடந்தது. பேட்டி எடுக்க வந்த டிவிக்காரரைப் பிடித்து உட்காரவைத்து உங்கள் வக்கீல் ஸ்டான் கால் அளந்தார். "பெரிய ஊர்லேருந்து வந்திருக்காரு, காலு மட்டும் ரொம்பச் சின்ன ஊரா இருக்கே!" என்று அவர் சொன்னதும் நீங்கள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். அன்றைக்கு உங்கள் முட்டை சாண்ட்விச்சில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள். அதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்காது.

ஊரில் எல்லோரும் அதைப் 'பார்க்கலாம் ஆபீஸ்' என்றுதான் சொன்னார்கள். ஜனாதிபதி தேர்தலில் நீங்கள் நிற்பதா வேண்டாமா என்று நாடு முழுக்க விசாரித்துப் பார்க்கத் திறந்த ஆபீஸ் அது; நீங்கள் இன்னும் நிற்கவில்லை. அதனால் 'வேட்பாளர்' என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லக் கூடாது. சொல்லிக்கொண்டே இருந்தால் சட்டப்படி நீங்கள் நின்றுவிட்டதாக ஆகிவிடும் என்று ஸ்டான் எல்லோரையும் பயமுறுத்துவார். வாய் தவறியவர் வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் கால் டாலர் போட வேண்டும். நானும் மாட்டியிருக்கிறேன். ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டே, "நம்ம வேட்பாளருக்கு டீயா, காபியா?" என்று கேட்டுவிட்டேன். ஸ்டான் ஜாடியை என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"குழந்தைகிட்டயுமா ஸ்டான்?" என்று கேட்டீர்கள்.

"குழந்தைன்னு தேர்தல் கமிஷன் பாக்குமாக்கும்?"

அப்பாதான் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டார்.

செப்டம்பர் கடைசியில் கடை வாசலில் மைக் முன்னால் வந்து, நிற்கப் போவதில்லை என்று சொன்னீர்கள். பள்ளிக்கூட நூலகத்தில் டிவி போட்டுக் காட்டினார்கள். மறுநாள் ஸ்டான் அப்பாவைக் கூப்பிட்டு, ஆபீஸில் உள்ள காகிதம் ஒன்று விடாமல் எரித்துவிட வேண்டும் என்றார். "கையக் குடு ஆர்டெல். எரிச்சிடுவேன்னு சொல்லு." அப்பா கைகுலுக்கினார். "எரிஞ்சிடுச்சுன்னே வெச்சுக்குங்க."

பெட்டிகளை லாரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார், ஆனால் அதற்குள் சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கின் அறுவடை ஆரம்பித்துவிட்டது. லாரி ஓட்டத் தெரிந்தவன் ஒருவனும் அப்போது வீட்டில் தூங்க மாட்டான் என்று உங்களுக்கே தெரியும். அப்பா கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "ஜோ, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பெட்டிங்கள கொஞ்சங்கொஞ்சமா பீப்பாயில போட்டு எரிச்சிடும்மா. படிச்சிக்கிட்டு உக்காந்திராத. அது நம்ம சமாச்சாரம் இல்ல."

முதல் காகிதக் கட்டை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன். மேலே இருந்தது பென்சிலில் எழுதிய ஒரு கடிதம். 'ஜனாதிபதி லோயிஸ் ஆம்டால் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது. எழுதியவர் எங்கோ ஒரு பண்ணையில் மாடு கறக்கிற அம்மா. ஸ்டான் பார்த்திருந்தால் அவரிடமும் ஜாடியை நீட்டியிருப்பார். 'இதை மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், நாற்றம் அடித்தால் மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தார். தீக்குச்சி விரலைச் சுடும்வரை படித்தேன். அதன் பிறகு இன்னொன்றைக் கிழிக்க என்னால் முடியவில்லை.

பீப்பாயில் தீவனச் சாக்குகளையும் விதைக் கம்பெனி அனுப்பும் பழைய விதைப் புத்தகங்களையும் போட்டு எரித்தேன், சாம்பல் இருக்க வேண்டுமே. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து, மரவரிசைக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும் பழைய பள்ளிக்கூடப் பேருந்துக்குள் கொண்டுபோய் அடுக்கினேன். காலையில் அப்பா முழங்கால் வரை மண்ணோடு வந்தார். "எரிச்சியா?" "எரிச்சேன்ப்பா." சாம்பலை எட்டிப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். அதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

இதை நிலவறையில் ஐஸ் பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன். அது உறுமிக்கொண்டிருக்கும்போது மட்டும் எழுதுவேன். உறுமல் நின்றால் பேனா உரசுவது மாடியில் தூங்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்று நானும் நிறுத்திவிடுகிறேன். அதனால்தான் வரிகள் விட்டுவிட்டு இருக்கின்றன.

பெட்டிகளை என்ன செய்யட்டும்? நீங்கள் பதில் போட்டால் பயமில்லை. சாலையோரத் தபால் பெட்டியை நான்தான் திறப்பேன்.

பணிவுடன்,
ஜோலீன் ப்ராட்டன்


வாஷிங்டன்,
அக்டோபர் 19, 1987

அன்புள்ள ஜோலீன்,

சாண்ட்விச் நினைவிருக்கிறது. நீ ஓரங்களைத் தின்னாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். நாய்க்கா என்று கேட்டதற்குத் தலையாட்டினாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவற்றை எரித்துவிடு. நடந்த காரியங்களுக்குத்தான் ஆவணம் வேண்டும். இது நடக்கவில்லை. நான் நிற்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைச் சொன்னதற்காக உன் அப்பா கால் டாலர் போட்டாரே, அது வீண் செலவு. நான் ஒருநாளும் அதுவாக இருந்ததில்லை.

எழுதிய மனிதர்களும் என்னை நம்பித்தான் எழுதினார்கள். அவர்கள் வீட்டுக் கதைகள் ஊர் பார்க்கக் கிடக்க வேண்டாம்.

அப்பாவிடம் நீ சொன்னதைப் பற்றிக் கவலைப்படாதே. நாளைக்கு எரித்துவிட்டால் அது உண்மையாகிவிடும்.

நன்றாகப் படி. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்ல முடியாது, இல்லையா? ஆகவே நாயை மட்டும் கேட்டதாகச் சொல்.

உன் நலம் நாடும்,
லோயிஸ் ஆம்டால்


ஹெல்விக்,
அக்டோபர் 25, 1987

மதிப்பிற்குரிய செனட்டர் அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி செய்யத்தான் போனேன். தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று நீங்கள் மறந்திருப்பீர்களோ என்று நினைக்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

பெரிய வரைபடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் போய்ப் பேசிய ஊர்களில் எல்லாம் குண்டூசி குத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் நம் ஹெல்விக்குக்குச் சிவப்பு நூல் இழுத்திருக்கிறார்கள். அதைப் பேருந்தின் கூரையில் ஒட்டிவைத்து இருக்கையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நூல் வந்து என் தலைக்கு மேலே முடிகிறது! நம் ஊர் பள்ளிக்கூடத்து வரைபடத்திலேயே கிடையாது. டீச்சர் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு பெட்டி நிறைய பேட்ஜ். 'லோயிஸ்?' என்று கேள்விக்குறியோடு. ஸ்டான் அதற்குமேல் ஒரு சொல் சேர்க்க விட்டிருக்க மாட்டார். ஊறுகாய் ஜாடியும் இருக்கிறது. காலியாக. கடைசி நாளில் அந்தக் காசுக்குப் பீட்சா வாங்கிவிட்டார்களாம், அப்பா சொன்னார்.

மற்றதெல்லாம் கடிதங்கள்.

லாரி ஓட்டும் பெண் ஒருத்தி இருக்கிறாள், பெயர் ஓனீட்டா. அர்கன்சாஸ்காரி. சரக்கு இறக்கப் போகிற ஊர்களிலிருந்தெல்லாம் உங்களுக்குப் போஸ்ட்கார்டு போட்டிருக்கிறாள். சாலையோர ஓட்டலில் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம், ஒரு பெண் நின்றால் ஓட்டுப் போடுவாயா என்று கேட்பாளாம். 'இங்கே இருவர் போடுவார்களாம். ஒருவர் சிரித்தார். சமையற்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், திரும்பி வரும்போது மறுபடி கேட்பேன்.' யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை. அவள் தனியாக ஒரு பார்க்கலாம் ஆபீஸை லாரியிலேயே நடத்தியிருக்கிறாள்.

டெக்சாஸிலிருந்து ஒருவர்: 'நான் பெண்ணுக்கு ஓட்டுப் போட மாட்டேன். இதை எழுதி முடிக்கும்வரை மகள் சாப்பாட்டு மேசையை விட்டு எழவிடவில்லை, அதனால் எழுதுகிறேன்.' அடியில் வேறு கையெழுத்தில்: 'போடுவார்.'

மிகவும் வயதான ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். அவர் சிறுமியாக இருந்தபோது பெண்களுக்கு ஓட்டே கிடையாதாம். அவருடைய அம்மா வாக்குச்சாவடி வாசலில் மழையில் நின்று, உள்ளே போன கணவருக்காகக் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாராம். 'நான் உள்ளே போய் உங்கள் பெயரில் குத்திவிட்டு வந்து அம்மாவின் கல்லறையில் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். எனக்கு அதிக நேரம் இல்லை.'

சிறையிலிருந்து ஒருவர். அவருக்கு ஓட்டுக் கிடையாது. 'கணக்கில் வராது என்று தெரியும். இருந்தாலும் எனக்குச் சம்மதம்.'

அம்மா, நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். ஆர்கன் பெரிதாக வாசிக்கும்போது மயிர் கூச்செறியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆவது வேறு. இருட்டில் பெரிய வயல் நடுவே நிற்கிறோம், யாரும் இல்லை என்று நினைக்கிறோம், திடீரென்று சுற்றிலும் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்! ஒருவருக்கொருவர் தெரியாது. எல்லோரும் ஒரே முகவரிக்கு எழுதியிருக்கிறார்கள். அது என் அப்பா குப்பை அள்ளும் தெருவில் இருக்கிற முகவரி.

நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வேண்டுமானால் நிற்காமல் இருந்திருக்கலாம். இவர்கள் நின்றிருக்கிறார்களே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே கிளிப்பில் இரண்டு பேச்சுகள் இருந்தன. ஒரே நாளில் தட்டச்சு செய்தவை. ஒன்றில் நிற்கிறேன் என்கிறீர்கள். அதில் ஓரமெல்லாம் உங்கள் கையெழுத்து. அடித்திருக்கிறீர்கள், சேர்த்திருக்கிறீர்கள், எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூடக் கோடு போட்டிருக்கிறீர்கள். நிற்கவில்லை என்ற பேச்சில் ஒரு பேனாக்கீறல்கூட இல்லை. ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காத பேச்சை ஏன் வாசலில் போய் வாசித்தீர்கள்?

இதைக் கேட்க எனக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியாது. ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. நானும் நிறுத்துகிறேன்.

பணிவுடன்,
ஜோலீன்

நாயைக் கேட்டதாகச் சொன்னேன். வாலை ஆட்டியது.


வாஷிங்டன்,
அக்டோபர் 30, 1987

ஜோலீன்,

அந்தக் கடிதங்கள் உனக்கு எழுதப்பட்டவை அல்ல. அந்தப் பேச்சும் உனக்காக எழுதியது அல்ல. பெரியவர்கள் ஒன்றைச் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் காரணங்கள் இருக்கும். அவற்றைப் பெட்டிக்குள் துழாவித் தெரிந்துகொள்ள முடியாது.

நான் கேட்டுக்கொண்டபடி எரித்துவிடு. இதைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

லோ. ஆம்டால்


ஹெல்விக்,
நவம்பர் 5, 1987

மதிப்பிற்குரிய செனட்டர் அம்மையாருக்கு,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். வேறு வழியில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

பீட் அறுவடை முடிந்து அப்பா வீட்டில் இருக்கிறார். திங்கட்கிழமை நான் வருவதற்குள் தபாலை அவரே எடுத்துவிட்டார். உங்கள் கடிதம் பிரிக்காமல் சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தது. அப்பா எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குத்தான் வந்திருக்கு. செனட்லேருந்து" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்ன பதவி குடுத்திருக்காங்கன்னு பாப்போம். படி."

உறையைப் பிரித்து, அவருக்குக் கேட்கும்படி படித்தேன். முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க வெச்சிருக்க?"

"பஸ்சுல."

"அப்ப அந்தச் சாம்பல்?"

"தீவனச் சாக்குப்பா. அப்புறம் உங்க விதைப் புத்தகம்."

"அடிப்பாவி, போன வருஷத்துதா, இந்த வருஷத்துதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பேருந்துக்கு முன்னால் நடந்தார். நான் பின்னால். கூரையில் ஒட்டிய வரைபடத்தை நிமிர்ந்து பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு ஓனீட்டாவின் போஸ்ட்கார்டுகளை எடுத்தார், மேலே அதுதான் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"இந்தப் பொம்பள பதினெட்டுச் சக்கர வண்டியில்ல ஓட்டுறா!" என்றார். "பனியில இந்த மலைப்பாதையில ஏறியிருக்கா. நானெல்லாம் மாட்டேன்ப்பா." இன்னும் ஒன்றைத் திருப்பினார். "அந்தச் சமையக்காரன் கடைசியா என்ன சொன்னான்?"

"போடறேன்னு சொல்லிட்டாருப்பா. அது கடைசிக் கார்டுல இருக்கு."

அப்பா கார்டுகளை அடுக்கி, தட்டிச் சமமாக்கி, பழையபடி வைத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

"ஜோ, இங்க பாரு. நான் ஸ்டான் கையப் புடிச்சுச் சொல்லியிருக்கேன். இந்த ஊர்ல எங்கிட்ட என்ன இருக்கு? ஒரு லாரி இருக்கு, என் வாய்ச்சொல்லு இருக்கு. லாரி பேங்க்கோடது."

"அப்பா, ப்ளீஸ்ப்பா."

"நீ என்னையப் பொய்யனாக்கிட்ட. தெரிஞ்சு பண்ணலன்னு எனக்கும் புரியுது. ஆனா எனக்குத் தெரிஞ்ச பெறகும் இது இங்க கெடந்தா, அது நான் சொன்ன பொய்." பேருந்து காற்றில் கிறீச்சிட்டு ஆடியது. காய்ந்த புல்லெல்லாம் தரையோடு படுத்திருந்தது. "இந்தக் காத்துல தீ வெச்சா ஊரே போயிடும். காத்து நின்னதும் எரிச்சிடறேன். நானே எரிச்சிடறேன். நீ வர வேணாம்."

"அந்தம்மா வேணாம்னு சொன்னா?"

"அவங்க காகிதம். அவங்க கைப்பட எழுதிக் குடுத்தா நான் யாரு கேக்கறதுக்கு? எழுதுவாங்களா?"

"என்னைய எழுதவே வேணாம்னு சொல்லிட்டாங்கப்பா."

அப்பா பேருந்துக் கதவைச் சாத்தினார். "அப்ப காத்து நிக்கிற வரைக்கும்தாம்மா" என்றார்.

அவ்வளவுதான் அம்மா. இப்போது காற்று வீட்டைப் பிடித்து உலுக்குகிறது. இந்த ஊரில் பிறந்த யாரும் காற்று அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். நான் வேண்டிக்கொள்கிறேன். நடுவில் அது மூச்சு வாங்குகிற மாதிரி ஓயும்போதெல்லாம் படுக்கையிலிருந்து எழுந்துவிடுகிறேன்.

துழாவித் தெரிந்துகொள்ள முடியாது என்று எழுதினீர்கள். சரிதான். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். அதனால் பயம் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். நன்றாக எழுதிவைத்த விடையைக் கொடுக்காமல் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி இருந்ததா? இருந்தால் பரவாயில்லை. அதைத் தெரிந்துகொண்டதால் உங்கள்மேல் எனக்கு மரியாதை குறையாது.

அந்தப் பாட்டி காத்திருப்பார். அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜோலீன்


ஹெல்விக்,
நவம்பர் 9, 1987

மதிப்பிற்குரிய செனட்டர் அம்மையாருக்கு,

காற்று நின்றுவிட்டது.

நேற்றுக் காலை கண் விழித்ததுமே தெரிந்தது. சத்தமே இல்லை. ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்ப்பண்ணை வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை கம்பம் நட்டது போல நேரே வானத்துக்குப் போகிறது. தபால் நிலையத்துக் கொடியைக் கோயிலுக்குப் போகும்போது பார்த்தேன், ஈரத்துணி மாதிரி தொங்கியது. கோயிலில் ஒரு பாட்டும் பாட முடியவில்லை என்னால்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நல்ல சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பு மேலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வர வேண்டாம் என்றிருந்தார். நான் கோட் போடாமல் பின்னால் ஓடினேன். பீப்பாய் பக்கத்தில் நின்று விரலை நக்கி மேலே தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். ஒரு புல்கூட அசையவில்லை. நாயின் மூக்கிலிருந்து வரும் ஆவிகூட நேரே மேலே போனது.

"சே, இன்னும் அடிக்குது" என்றார் அப்பா.

"அப்பா..."

"அடிக்குதுன்னா அடிக்குது. எதுத்தாப்ல நின்னு வாதாடாத. உள்ள போயி கோட்டப் போடு."

தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போனார். நான் கோட் போட்டுக்கொண்டு போய் வெளியே நின்று பார்த்தேன். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, மாட்டுத் தொழுவத்து அம்மாவின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. அப்பா எதையும் இப்படி உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை, விதைப் புத்தகம் தவிர.

ஆனால் இது எத்தனை நாள் தாங்கும்? இன்று காலை காபிக் கடையில் ஸ்டான், "அதெல்லாம் எரிச்சாச்சுல்ல ஆர்டெல்?" என்று கேட்டாராம். அப்பா வாயில் டோனட் இருப்பது போல மென்றுகொண்டே தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டு வந்துவிட்டாராம். "டோனட்டே வாங்கலம்மா நான்" என்று என்னிடம் சொன்னார். முகம் சிவந்திருந்தது. அப்பா பொய் சொல்லாதவர் என்று ஊருக்கே தெரியும். என்னால் அவர் இல்லாத காற்றையும் இல்லாத டோனட்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களை மறுபடி கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் வராவிட்டால் நானே அப்பாவிடம் தீப்பெட்டியை வாங்கிக்கொள்வேன். அவர் எரிக்க வேண்டாம். அவர் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டார்.

ஜோலீன்


ஃபார்கோ,
நவம்பர் 14, 1987

அன்புள்ள ஜோலீன்,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கைக்கு வந்தன. அன்று மாலையே உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். நீ பள்ளிக்கூடப் பாட்டுப் பயிற்சியில் இருந்தாய். உன் அப்பாதான் எடுத்தார். "காத்து எப்படி இருக்கு ஆர்டெல்?" என்று கேட்டேன். "பலமா இருக்குங்க" என்றார். "நான் வர்ற வரைக்கும் அடிக்குமா?" "அடிக்கும்னுதாங்க நெனைக்கிறேன்." நான் பேசியதை உன்னிடம் சொல்ல வேண்டாம், உனக்கு நானே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இதோடு உள்ள தனித்தாள் அவருக்கு. கைப்பட எழுதியிருக்கிறேன். ஸ்டானிடம் அவர் கொடுத்த வாக்கு எனக்காகக் கொடுத்தது. அதை அவரிடமே திருப்பித் தருகிறேன் என்று எழுதி, ஸ்டானையும் கீழே கையெழுத்துப் போடவைத்திருக்கிறேன். உன் அப்பா எதையும் மீறவில்லை. காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இனி நீ கேட்டதற்கு.

ஆமாம், பயந்தேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அந்த ஷூ கடையில், ஷூ போட்டுப் பார்க்கிற சின்ன முக்காலியில் உட்கார்ந்து, நீ படித்த அதே கடிதங்களைத்தான் படிப்பேன். என்னை வேண்டாம் என்பவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. அவர்களோடு பழகியே தலை நரைத்துவிட்டது. வேண்டும் என்றவர்களைக் கண்டுதான் நடுங்கினேன். அந்த ஓனீட்டா ஓட்டலுக்கு ஓட்டல் எனக்காகச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் நின்று தோற்றால் அடுத்த முறை எந்த முகத்தோடு உள்ளே போவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். வெற்றுத்தாளை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வாசித்தேன். எரித்துவிட்டால் அவர்கள் யாரும் கேட்கவே இல்லை என்றாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நீ கெடுத்துவிட்டாய். உனக்கு நன்றி சொல்ல இன்னும் எனக்கு மனம் வரவில்லை, ஆனால் வரும்.

அந்தப் பாட்டியின் முகவரி எனக்கு மறக்கவில்லை, நேற்று அவருக்கு எழுதிவிட்டேன். பிந்திவிட்டேனா என்று தெரியவில்லை. எழுதினேன்.

இன்று இங்கே பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்வந்தோம், நானும் ஸ்டானும். பெட்டிகளை வைக்கக் கீழ்த்தளத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஈரம் படாத நல்ல அறை. எழுதியவர்களின் பெயரும் முகவரியும் அவர்கள் காலம் வரை மூடியே இருக்கும். உன் அப்பாவே லாரியில் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நீயும் வா. வரைபடத்தைக் கூரையிலிருந்து எடுக்கும்போது நூல் அறாமல் பார்த்துக்கொள்.

அங்கே ஒரு மெலிந்த இளைஞர், பெட்டிகளின் மேல் என்ன எழுதி ஒட்டுவது என்று கேட்டார். "நீங்க நிக்கலையே மேடம். வெறும் செனட்டர்னு போட்டுடவா? இல்ல, நிக்கறதா இருந்தவங்கன்னு ஏதாச்சும்..." என்று இழுத்தார்.

"வேட்பாளர் லோயிஸ் ஆம்டால்னு போடுங்க" என்றேன்.

என் வாயால் அதைச் சொல்லி நானே கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற ஸ்டான், பழக்கதோஷம், கையை நீட்டினார். நானும் பையைத் திறந்து கால் டாலரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பிறகு ஜாடி யாரிடம் இருக்கிறது என்று ஞாபகம் வந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இதோடு வைத்திருக்கிறேன். ஜாடியில் போட்டுவிடு.

அன்புடன்,
லோயிஸ் ஆம்டால்